அரைநாள் கூலி

செக்கானூரணிக்கும் கருமாத்தூருக்கும் நடுவே
எங்கள் பால் சங்கம்.
பால் குளிரவைக்கும் மிஷினை மாட்டிவிட்டு
கம்பெனிக்காரர் ஒரு காலண்டரும் கொடுத்துப் போனார்.
ஆறு வருசத்துப் பழசு, ஜெர்மனியில் அடித்தது.
கிழமை எதுவும் ஒத்துவராது.
படத்துக்காகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பன்னிரண்டும் ஒரே ஆள் வரைந்தது.
எர்வின் தால்ஹோஃபர் என்று வாசித்துச் சொன்னார்.
எனக்கு அது ஏர்வின் என்று விழுந்தது,
உழவன் வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயராக.

ஜனவரி முழுக்க வெள்ளை.
உப்பளமா என்றேன், பனி என்றார்.
ஏப்ரலில் உழவு, ஏரில் குதிரை.
ஜூலையில் வைக்கோல் போர்,
நம்ம ஊர் ஆள் மேய்ந்தால் இன்னும் நேராக நிற்கும்.
மாடுகளைப் பார்த்தால்தான் சிரிப்பு.
வாலில் சாணி இல்லை, கண்ணோரம் ஒரு ஈ இல்லை.
ஒச்சம்மாள் கேட்டாள்:
"என்னடி இது, கல்யாணத்துக்குக் கிளம்புன மாடா?"

அக்டோபரில் அவள் சிரிக்கவில்லை.

அக்டோபரில் ஒருத்தி பால்வாளியோடு நிற்கிறாள்.
வாளி இடது கையில்.
இடது தோள் இறங்கி
உடம்பு வலப்பக்கம் சாய்ந்து
வலது கை காற்றில் எதையோ பிடிக்கப் போகிறது.
கம்பி அழுத்தும் இடத்தில்
விரல்கள் வெளுத்திருக்கின்றன.

அந்த வெளுப்பை எனக்குத் தெரியும்.
தினமும் ஆறே காலுக்கு
இந்த மேசைமேல் இருபத்தாறு கை வந்து போகிறது.
வரைந்தவன் பால் சுமந்தவன் என்று
அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்தமுறை பழுது பார்க்க வந்தவர்
பின்பக்கப் பொடி எழுத்தைப் போனில் பிடித்து
தமிழாக்கிக் காட்டினார். கோணல் தமிழ்.
பாதிரியார் மகன்.
நெஞ்சில் சீக்கு. தொழுவத்துப் பக்கம் போனால்
மூச்சு முட்டிவிடும்.
அதனால் எல்லாமே ஜன்னலில் இருந்து பார்த்து வரைந்தது.
நாற்பது வருசம், ஒரே ஊர், ஒரே ஜன்னல்.
விற்றது பதினொன்று.
வாங்கியது பண்ணைக்காரர், தன் நிலத்தைத் தானே
சுவரில் மாட்டிக்கொள்ள.
செத்தபிறகு அகப்பட்டது ஒரு கணக்கு நோட்டு.
சாயம், துணி, விறகு, இருமல் மருந்து,
நடுநடுவே
'மார்த்தா. வாளியோடு நின்றது. அரைநாள் கூலி.'
பத்தொன்பது இடத்தில் அந்த வரி.

பால் சுமந்தவன் இல்லை, அப்படியானால்.

அன்று கை ஓடவில்லை.
பின்னத்தேவர் பாலுக்கு இரண்டு தடவை
கொழுப்பு பார்த்தேன்.
மூன்று புள்ளி எட்டு.
மூன்று புள்ளி எட்டுதான்.

நிற்பதற்குக் காலி வாளி போதுமே,
யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?
ஆனால் காலி வாளிக்குத் தோள் இறங்காது.
நிரப்பச் சொன்னது அவரா,
இவளே நிரப்பிக்கொண்டு வந்து நின்றாளா,
நோட்டில் இல்லை.
உள்ளே இருந்தது பாலா தண்ணீரா,
என் லாக்டோமீட்டர் அவ்வளவு தூரம் இறங்காது.
தண்ணீர்தான் என்றேன், பால் என்றால்
அரைநாளில் புளித்திருக்கும்.
அந்தக் குளிரில் எப்படிடி புளிக்கும் என்றாள் ஒச்சம்மாள்.
அதுவும் சரிதான்.

இது சித்திரை. காலண்டரில் இன்னும் அக்டோபர்.
காலையில் கேனோடு வந்தவளைச் சொன்னேன்:
"அப்படியே கொஞ்சம் நில்லு."
"எதுக்கு?"
"சும்மா."
"நின்னா காசு குடுப்பியா?"
கேட்டுக்கொண்டே கேனை இறக்கி வைத்தாள்.
இறக்கி வைத்த பிறகும்
அவள் இடது தோள் மேலே வரவில்லை.

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
நோட்டில் எழுதினேன்:
ஒச்சம்மாள், ஆறு லிட்டர்,
நாலு புள்ளி ஒன்று.